தெங்குமரஹாடா ரோட்டில் பார்த்தது நாயா, கழுதைப்புலியா?

பரிசல்துறை · செவ்வாய், இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். இங்கே படிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை.

போன சனிக்கிழமை சித்தப்பா வீட்டுக்குப் போனேன். ஊர் தெங்குமரஹாடா. பவானிசாகரில் பஸ் ஏறி, காராச்சிக்கொரை செக்போஸ்ட் தாண்டினால் அப்புறம் வழி முழுக்கக் காடுதான். கடைசியில் மாயாற்றைப் பரிசலில் கடக்க வேண்டும். இருட்டும் நேரம். ஒரு திருப்பத்தில் டிரைவர் சட்டென்று பிரேக் போட்டார். யானை என்று நினைத்து எல்லோரும் எழுந்து எட்டிப் பார்த்தோம். யானை இல்லை. ரோட்டு நடுவில் ஒரு பெரிய நாய்.

நாய் என்று ஒரு விநாடிதான் தோன்றியது. முன்பக்கம் உயரம், பின்பக்கம் சரிவு. பின்னங்காலை மட்டும் அளவு குறைத்து வெட்டிவிட்ட மாதிரி (திருப்பூரில் கட்டிங் மாஸ்டராக இருக்கிறேன், எனக்கு அப்படித்தான் தோன்றும்). சாம்பல் கலந்த பழுப்பு. உடம்பிலும் காலிலும் கறுப்புக் கோடுகள். காது கூராக, பெரிதாக. கழுத்திலிருந்து வால் வரை முடி எழுந்து நின்றது. எங்களை ஒரு முறை பார்த்தது. ஓடவில்லை, நொண்டுகிற மாதிரி நடந்து புதருக்குள் போய்விட்டது. கண்டக்டர் "கழுதைப்புலி" என்றார். பின்சீட்டுப் பாட்டி ஒருத்தி, "பொணத்தைத் தோண்டித் தின்னும், குறுக்கே வந்தா ஆகாது" என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

மறுநாள் காலை மாட்டுப்பட்டிக்குப் பின்னால் வெள்ளை வெளேரென்று நாலைந்து உருண்டை கிடந்தது. சாக்பீஸ் மாதிரி. குச்சியால் தட்டினால் பொடியாக உதிர்கிறது. அதுவும் கழுதைப்புலி வேலைதான் என்கிறார் சித்தப்பா.

கேள்வி இரண்டு. இது நாய் இனமா, புலி இனமா? ஆடு மாட்டுக்கு ஆபத்தா? இரண்டாவது கொஞ்சம் அவசரம், காரணம் பிறகு சொல்கிறேன்.

எலும்புக்கூடு · செவ்வாய், இரவு 10:15

நீங்கள் சொன்ன அடையாளம் எல்லாம் வரிக் கழுதைப்புலிக்கு அப்படியே பொருந்துகிறது. இந்தியாவில் இருப்பது அந்த ஒரு வகை மட்டும்தான். முடியை நிமிர்த்தியது உங்கள் பஸ்ஸைப் பார்த்துப் பயந்ததால். தன்னைப் பெரிய உருவமாகக் காட்டும் வித்தை. உண்மையில் எடை 40 கிலோ இருந்தால் அதிகம்.

நாயும் இல்லை, புலியும் இல்லை. ஊனுண்ணி விலங்குகள் இரண்டு பெரிய கிளையாகப் பிரிகின்றன. ஒரு கிளையில் நாய், ஓநாய், நரி, கரடி, நீர்நாய். இன்னொன்றில் பூனை, புலி, புனுகுப்பூனை, கீரி. கழுதைப்புலி இந்த இரண்டாவது கிளை. பார்த்தால் நாய், பிறப்பால் கீரிக்குப் பங்காளி. காரணம் எளிது: நெடுந்தூரம் நடந்தும் துரத்தியும் பிழைக்கிற பிராணிக்கு எந்தக் குடும்பத்தில் பிறந்தாலும் கடைசியில் நாய் மாதிரி காலும் மூஞ்சியும்தான் வாய்க்கும்.

இன்று மிஞ்சியிருப்பவை நான்கே வகை. நம் வரிக் கழுதைப்புலி. ஆப்பிரிக்காவின் புள்ளிக் கழுதைப்புலி. தெற்கு ஆப்பிரிக்காவின் பழுப்புக் கழுதைப்புலி (நமீபியக் கடற்கரையில் இது கடல்நாய்க் குட்டிகளைப் பிடித்துத் தின்னும்). நான்காவது ஆர்ட்வுல்ஃப், கறையான் தின்னி. அது ஒரே இரவில் 2 லட்சத்துக்கு மேல் கறையானை நக்கி விழுங்கிவிடும். கடைவாய்ப் பல் தேய்ந்து வெறும் முளையாகிப் போயிற்று, அதற்கு எதற்குப் பல்?

ஒரு காலத்தில் இந்தக் குடும்பம் பல பத்து வகைகளாகப் பரவியிருந்தது. ஒன்று சைபீரியா வழியாக அமெரிக்காவுக்கே போயிருக்கிறது. கனடாவின் யூக்கான் பகுதியில் 1970-களில் கிடைத்த இரண்டு பற்கள் அருங்காட்சியகத்தில் சும்மா கிடந்தன. அவை கழுதைப்புலிப் பற்கள் என்று 2019-ல்தான் உறுதிசெய்து எழுதினார்கள்.

குட்டிச்சாத்தான் · செவ்வாய், இரவு 10:31

கீரியோ பூனையோ, திருட்டுப் பிராணி. சிங்கம் கஷ்டப்பட்டு அடித்ததைக் கூட்டமாக வந்து பிடுங்கித் தின்னும். டிவியில் எத்தனை தரம் பார்த்திருக்கிறேன். பாட்டி சொன்னதே சரி.

எலும்புக்கூடு · செவ்வாய், இரவு 10:58

டிவி படம் பிடிப்பது பகலில். அங்கேதான் சிக்கல்.

தான்சானியாவில் கொரோங்கோரோ என்று ஒரு பழைய எரிமலைப் பள்ளம். விடிந்ததும் சுற்றுலா ஜீப் போகும். சிங்கம் வரிக்குதிரையைத் தின்றுகொண்டிருக்கும், சுற்றிலும் கழுதைப்புலிகள் எச்சில் ஒழுக உட்கார்ந்திருக்கும். பார்த்தவர்கள் எல்லோரும் உங்களைப் போலத்தான் முடிவு கட்டினார்கள். 1960-களில் ஹான்ஸ் க்ரூக் என்ற டச்சு விலங்கியலாளர் மட்டும் இரவில் கழுதைப்புலிகளின் பின்னாலேயே வண்டியில் போனார். அவர் கண்டது தலைகீழ்: இருட்டில் துரத்தி வீழ்த்தியது கழுதைப்புலிக் கூட்டம். சத்தம் கேட்டு வந்து விரட்டிவிட்டு உட்கார்ந்தது சிங்கம். சொந்தச் சாப்பாட்டுக்குச் சொந்தக்காரர்கள்தான் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

புள்ளிக் கழுதைப்புலி தின்பதில் பாதிக்கு மேல் தானே வேட்டையாடியது. ஆனால் சிங்கம் அடித்ததையும் விடாது, ஆள் பலம் இருந்தால் பிடுங்கும். பிடுங்குவதில் இரண்டுமே சளைத்தவை அல்ல. ஒன்றுக்கு மட்டும் 'ராஜா' பட்டம், இன்னொன்றுக்கு 'திருடன்' பட்டம்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். இது எல்லாம் ஆப்பிரிக்கப் புள்ளி வகையின் கதை. பரிசல்துறை பார்த்த வரி வகை பெரும்பாலும் தனியாகத் திரியும், செத்ததைத் தின்னும், சிறு பிராணியைப் பிடிக்கும், பழம்கூடத் தின்னும். இரண்டையும் குழப்ப வேண்டாம்.

பனங்காய் · புதன், காலை 6:20

எங்கட இலங்கையில் இது இல்லை. காட்டில் நரி இருக்கு, சிறுத்தை இருக்கு, கரடி இருக்கு, கழுதைப்புலி மட்டும் கிடையாது. அதனால் கேட்கிறேன், அண்ணை அந்தச் சிரிப்புச் சத்தத்தைக் கேட்டாரா? இரவில் மனுசர் மாதிரிச் சிரிக்கும் என்கிறார்களே.

பரிசல்துறை · புதன், காலை 7:05

சத்தமே இல்லை. பஸ்ஸில்தான் எல்லோரும் சத்தம் போட்டார்கள்.

எலும்புக்கூடு · புதன், காலை 8:40

வரி வகை பெரும்பாலும் வாய் திறக்காது. சிரிப்பு புள்ளி வகையுடையது. அதுவும் சந்தோஷச் சிரிப்பு இல்லை. பெரியவர்கள் அடிக்க வரும்போதும், இரையிலிருந்து விரட்டப்படும்போதும், பதற்றத்தில் வரும் சத்தம். நாம் கெஞ்சுவதற்குச் சமம். தூரத்தில் இருக்கும் கூட்டத்தைக் கூப்பிட வேறு குரல் இருக்கிறது, "ஊஊ…ப்" என்று கீழிருந்து மேலே ஏறும். ஐந்து கிலோமீட்டர் வரை கேட்கும். ஒவ்வொன்றுக்கும் குரல் வேறு. அழைப்பது யார் என்று மற்றவை அதை வைத்தே தெரிந்துகொள்ளும்.

செங்காந்தள் · புதன், மதியம் 1:12

நான் விலங்கியல் எம்.எஸ்சி. முடித்தவள். முழு வகுப்பும் வாயைப் பிளந்து கேட்டது கழுதைப்புலிப் பாடத்தைத்தான், அதனால் நானும் கொஞ்சம்.

புள்ளிக் கழுதைப்புலிக் கூட்டத்தில் ஆட்சி பெண்களிடம். கூட்டம் என்றால் ஐந்தாறு இல்லை, சில இடங்களில் எண்பதைத் தாண்டும். எல்லோரும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை, பிரிந்து பிரிந்து சேரும். ஆனால் யாருக்கு யார் மேல் என்பதில் குழப்பமே இருக்காது. தாயின் தகுதி குட்டிக்கு வரும், தாய்க்கு நேர் அடுத்த இடம். அக்காவைவிடத் தங்கை மேலே! நம் வீடுகளில் கடைக்குட்டிக்கு நடப்பது போலத்தான். ஆண் வளர்ந்ததும் கூட்டத்தை விட்டுக் கிளம்பி வேறு கூட்டத்தில் போய்ச் சேரும். அங்கே எல்லோருக்கும் கீழே, குட்டிகளுக்கும் கீழே, வரிசையில் கடைசி ஆளாக நிற்க வேண்டும். முன்னால் இருப்பது செத்தாலோ போனாலோதான் ஒரு படி ஏறும். கே ஹோலேகாம்ப் என்ற அமெரிக்க ஆய்வாளரின் குழு கென்யாவின் மசாய் மாராவில் 1988-லிருந்து இதைத் தலைமுறை தலைமுறையாகக் குறித்து வைத்திருக்கிறது. பாட்டி பெயரிலிருந்து கொள்ளுப்பேத்தி வரை வம்சாவளி எழுதி வைத்திருக்கிறார்கள்.

பெண்ணின் பிறப்புறுப்பு ஆணுடையதைப் போலவே நீண்டிருக்கும். சிறுநீர், புணர்ச்சி, பிரசவம் எல்லாம் அந்தக் குறுகிய குழாய் வழியாகத்தான். தலைப்பிரசவத்தில் அது கிழிந்துதான் குட்டி வெளியே வரும். குட்டி மூச்சுத் திணறிச் சாவதும் உண்டு, தாய் சாவதும் உண்டு. இதைப் புரிந்துகொள்ள கலிபோர்னியாவின் பெர்க்லியில் 1985-லிருந்து 2014 வரை ஒரு கூட்டத்தையே வளர்த்து ஆராய்ந்தார்கள். ஆண் ஹார்மோன் ஒரு காரணம் என்று தெரிந்தது. அதைத் தடுக்கும் மருந்தைச் சினைக்காலத்தில் கொடுத்துப் பார்த்தும் பெண் குட்டிகளுக்கு அந்த உறுப்பு நீண்டே வளர்ந்தது. ஆக அது மட்டும் காரணம் இல்லை.

இந்த உறுப்பால்தான் 'கழுதைப்புலி ஒரு வருடம் ஆண், ஒரு வருடம் பெண்' என்று பழைய காலத்தில் நம்பினார்கள். அரிஸ்டாட்டில் மறுத்தார். ஆனால் அவர் விளக்கியது வரி வகையை. வால் அடியில் இருக்கும் சுரப்பிப் பையைப் பார்த்துவிட்டுத்தான் ஜனங்கள் குழம்புகிறார்கள் என்றார். சரியான பதில்தான், பிராணிதான் வேறு.

புள்ளி வகைக் குட்டிக்குப் பிறக்கும்போதே கண் திறந்திருக்கும், பல்லும் இருக்கும். இரட்டைக் குட்டி என்றால் பிறந்த சில நிமிடத்திலேயே கடித்துக்கொள்ள ஆரம்பித்துவிடும். ஆனால் தாய்ப்பால் ஒரு வருடத்துக்கு மேல். தான்சானியாவின் செரெங்கெட்டிப் புல்வெளியில் மான் கூட்டம் தூரம் போய்விட்டால் தாய் நாற்பது ஐம்பது கிலோமீட்டர் போய்த் தின்றுவிட்டு, சில நாள் கழித்துத் திரும்பி வந்து பால் கொடுக்கும். மற்ற தாய்கள் பக்கத்திலேயே இருந்தாலும் பிறர் குட்டிக்குப் பொதுவாக மடி கொடுக்காது.

குட்டிச்சாத்தான் · புதன், மதியம் 1:30

குட்டிகளுக்கும் கீழே நிற்க வேண்டுமா? எங்கள் வீட்டு நிலவரம் இவருக்கு எப்படித் தெரியும்!

செங்காந்தள் · புதன், மதியம் 1:34

அப்படியானால் வரிசையில் நில்லுங்கள், இடம் காலியானால் சொல்லி அனுப்புகிறோம்.

ஹரமாயா வாத்தியார் · புதன், இரவு 8:55

பிள்ளைகளே, தட்டச்சு எனக்கு மெதுவாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எத்தியோப்பியாவில் நம்மூர் வாத்தியார்கள் ஏகப்பட்ட பேர் வேலை பார்த்திருக்கிறார்கள். நானும் ஒருவன். ஹரமாயாவில் சில வருடம் பாடம் நடத்தினேன். அங்கிருந்து பக்கம்தான் ஹரார் நகரம். பழைய மதில் சூழ்ந்த ஊர், 2006-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. மதிலில் பழைய வாசல் ஐந்து. அவை போக, தரையை ஒட்டிச் சின்னச் சின்ன ஓட்டைகளும் உண்டு. மழைத்தண்ணீர் போக வைத்தது என்று நினைத்தேன். கூட வந்த மாணவன் சிரித்தான்: "இது வராபாவுக்கு சார்." வராபா என்றால் அவர்கள் மொழியில் கழுதைப்புலி. ராத்திரி வாசலைச் சாத்தினாலும் அது உள்ளே வந்து போக வழி.

இரவில் ஊருக்கு வெளியே ஒருவர் கூடையில் இறைச்சித் துண்டுகளோடு உட்கார்ந்திருப்பார். ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். இருட்டிலிருந்து பச்சைக் கண் மட்டும் முதலில் வரும். ஒரு சாண் குச்சியில் இறைச்சியைச் சுற்றி, குச்சியின் மறுமுனையைத் தன் பல்லில் கடித்துக்கொண்டு நீட்டுவார். அது வந்து முகத்துக்கு எதிரே வாயைத் திறந்து வாங்கிக்கொண்டு போகும். என்னையும் செய்யச் சொன்னார்கள். செய்தேன். ஈரமான மூக்கு கன்னத்தில் பட்டதும், பழைய தோல் செருப்பை மழையில் நனைத்தது போன்ற வாடையும் இன்றைக்கும் நினைவு இருக்கிறது. வலிய தாடை, ஆனால் என்னிடமிருந்து வாங்கியது ஒரு பிள்ளை பிஸ்கெட் வாங்குகிற மாதிரி. மனைவியிடம் ஒரு மாதம் சொல்லவில்லை.

அவர்கள் அதை விரட்டாததற்குக் காரணம் வெறும் சுற்றுலாக் காசு இல்லை. ஊர்க் குப்பை, கசாப்புக் கழிவு, செத்த கழுதை எல்லாவற்றையும் விடிவதற்குள் காலி செய்கிறது. கெட்ட ஜின்களையும் அது பிடித்துத் தின்றுவிடும் என்று நம்பிக்கை. முஸ்லிம்களின் ஆஷூரா நாளில் வெண்ணெய் போட்ட கஞ்சி காய்ச்சி அதற்கு வைப்பார்கள், அது எவ்வளவு தின்கிறது என்பதை வைத்து வரும் வருடம் எப்படி என்று பார்ப்பார்கள். அதே நாட்டின் வேறு பகுதிகளில் கொல்லர்கள் இரவில் கழுதைப்புலியாக மாறுவார்கள் என்று சொல்லி அவர்களோடு சம்பந்தம் வைத்துக்கொள்ள மாட்டார்கள். ஒரே பிராணிதான், ஒரு ஊரில் விருந்தாளி, இன்னொரு ஊரில் சூனியக்காரன்.

வடக்கே மெக்கெல்லே என்று ஒரு நகரம். அங்கே கழுதைப்புலிகள் வருடத்துக்கு 207 டன் பிராணிக் கழிவைத் தின்று தீர்ப்பதாக ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டார்கள். ஆந்த்ராக்ஸ், மாட்டுக் காசநோய் போன்றவை பரவுவதை அது எந்த அளவுக்குக் குறைக்கிறது என்றும் அதே ஆய்வில் பார்த்தார்கள்.

மறைக்காமல் இன்னொன்றும் சொல்கிறேன். புள்ளி வகை மனிதரைத் தாக்கும். வெளியே படுத்துத் தூங்குகிறவர்களையும் சின்னப் பிள்ளைகளையும் தூக்கிய செய்திகள் அந்த நாட்டில் உண்டு. ஹராரில் பெயர் சொல்லி அழைக்கிறார்கள் என்பதற்காக அதை வீட்டு நாயாக நினைக்கக் கூடாது.

பனங்காய் · புதன், இரவு 9:20

சேர், அந்தக் கஞ்சிக்கு உப்பு போடுவினமா? சும்மா தெரிஞ்சு வைக்கத்தான்.

ஹரமாயா வாத்தியார் · புதன், இரவு 9:48

அதை நான் ருசி பார்க்கவில்லை தம்பி, எனக்கு முந்தி வரிசையில் ஆள் இருந்தது.

கொள்ளேகால் ரவை · வியாழன், காலை 7:30

சாமராஜநகர்ப் பக்கத்திலிருந்து. கன்னடத்தில் இது 'கத்தே கிருப'. கத்தே என்றால் கழுதை. மலையாளத்திலும் கழுதப்புலிதான். தெலுங்கில் மட்டும் தும்முலகொண்டி. அதில் 'தும்மு' எலும்பு. எல்லை தாண்டியதும் கழுதை காணாமல் போய் எலும்பு வந்துவிடுகிறது. பெரிய காது, பிடரி, அந்த நிறம் எல்லாம் பார்த்தால் கழுதை ஏன் வந்தது என்று புரிகிறது. ஆனால் தெலுங்குக்காரர்தான் அது என்ன செய்கிறது என்று கவனித்துப் பெயர் வைத்திருக்கிறார்.

எலும்புக்கூடு · வியாழன், காலை 10:05

எலும்பு என்றதும் பரிசல்துறையின் சாக்பீஸ் ஞாபகம் வந்தது. அதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

உங்கள் சித்தப்பா சொன்னது சரி, அது கழுதைப்புலி எச்சம்தான். மற்ற விலங்குகள் எலும்பைக் கடித்துப் போட்டுவிட்டுப் போகும். இது உடைத்து, விழுங்கி, செரித்தும் விடுகிறது. உள்ளே இருக்கும் கொழுப்பும் புரதமும் உடம்பில் சேரும், சுண்ணாம்புச் சத்து வெளியே வரும். வெயிலில் காய்ந்தால் வெள்ளை உருண்டை. செரிக்காத முடி, குளம்புத் துண்டுகளைப் புள்ளி வகை தனியாக வாந்தி எடுத்துவிடும்.

இந்த வெள்ளை உருண்டை ஒரு பெரிய வழக்கில் சாட்சி சொல்லியிருக்கிறது. 1821-ல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் கிர்க்டேல் என்ற இடத்தில் கல் உடைக்கும்போது ஒரு குகை திறந்தது. உள்ளே யானை, காண்டாமிருகம், நீர்யானை எலும்புகள். இங்கிலாந்தில் நீர்யானையா? நோவா காலத்து வெள்ளம் அடித்துக்கொண்டு வந்து போட்டது என்றார்கள் பலர். வில்லியம் பக்லாண்ட் என்ற ஆக்ஸ்ஃபோர்டு புவியியலாளர், அவர் பாதிரியாரும்கூட, ஒத்துக்கொள்ளவில்லை. குகை வாய் ரொம்பச் சின்னது, யானை எப்படி உள்ளே போகும்? எலும்பெல்லாம் கடித்த எலும்பு. கழுதைப்புலிப் பற்களும் ஏராளம். கூடவே வெள்ளை உருண்டைகள். லண்டனில் மிருகக்காட்சி நடத்தும் இடத்தில் காட்டினார். விலங்குகளைப் பராமரிக்கிற ஆள் பார்த்ததுமே இன்ன பிராணியுடையது என்று சொல்லிவிட்டான்! பக்லாண்ட் அதோடு விடவில்லை, உயிருள்ள கழுதைப்புலிக்கு மாட்டு எலும்பைப் போட்டு, அது கடித்து மீதி வைத்ததைக் குகை எலும்போடு ஒப்பிட்டார். பல் தடம் அச்சு அசலாக இருந்தது. அந்தக் குகை கழுதைப்புலி வசித்த வீடு, யானைத் துண்டுகள் அது இழுத்து வந்த சாப்பாடு. ராயல் சொசைட்டி அவருக்கு 1822-ல் காப்லி பதக்கம் கொடுத்தது. அந்தப் பராமரிப்பாளனுக்கு என்ன கொடுத்தார்களோ.

பரிசல்துறை · வியாழன், இரவு 9:15

இவ்வளவு விஷயம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. இப்போது அவசரத்தைச் சொல்கிறேன்.

சித்தப்பாவின் கிழட்டுப் பசு ஒன்று திங்கட்கிழமை செத்துவிட்டது. இரண்டு மாதம் முன்பு சிறுத்தை ஒரு ஆட்டுக்குட்டியைத் தூக்கியது. அந்தக் கோபத்தில் இருக்கிறார். பக்கத்துப் பட்டிக்காரர் ஒருவர், "மாட்டு மேல பூச்சிமருந்தைத் தடவி வைங்க, எது வந்தாலும் முடிஞ்சுது" என்று யோசனை சொல்லியிருக்கிறார். மாடு இப்போதைக்குத் தழை மூடிக் கிடக்கிறது. நான் போனில் "பொறுங்கள்" என்றேன். என்ன சொல்லி நிறுத்துவது?

மாட்டு டாக்டர் · வியாழன், இரவு 9:38

இந்த இழையை ஊமையாகப் படித்துக்கொண்டிருந்தேன், இப்போது பேச வேண்டியிருக்கிறது.

தம்பி, முதலில் சட்டம். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தத்தில் வரிக் கழுதைப்புலி முதல் அட்டவணைக்கு வந்துவிட்டது. புலி எந்த அட்டவணையோ அதே அட்டவணை. விஷத்துக்கு ஆள் பார்த்து வேலை செய்யத் தெரியாது. சிறுத்தைக்கு வைத்தால் புலி சாகும், கழுதைப்புலி சாகும், செந்நாய் சாகும், ஊர் நாய் சாகும். எல்லாவற்றுக்கும் மேல் பாறு கழுகு, பிணந்தின்னிக் கழுகு என்பார்களே அது. தென்னிந்தியாவில் பாறு கூடு கட்டி மிஞ்சியிருக்கும் முக்கியமான இடம் மாயாற்றுப் பள்ளத்தாக்குதான். ஒரு விஷ மாடு போதும், ஒரு கூட்டமே காலி.

அடுத்து முக்கியமான கேள்வி, சித்தப்பாவிடம் கேட்டுச் சொல்லுங்கள். பசு எப்படிச் செத்தது? மூக்கு, ஆசனவாயில் கறுப்பாக உறையாத ரத்தம் வந்ததா? வந்திருந்தால் அடைப்பான், அதாவது ஆந்த்ராக்ஸ். தொடக்கூடாது, அறுக்கக்கூடாது, உடனே கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லி ஆழக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும். கடைசி வாரத்தில் வலி ஊசி போட்டார்களா? டைக்ளோஃபினாக் மாட்டுக்குப் போடுவது 2006-லிருந்தே தடை. கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் இரண்டும் 2023-ல் தடை. ஆனாலும் கையில் கிடைப்பதைப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த ஊசி போட்ட மாட்டைத் தின்றால் பாறு சிறுநீரகம் கெட்டுச் சாகும். அப்படியென்றாலும் புதைக்கத்தான் வேண்டும்.

குட்டிச்சாத்தான் · வியாழன், இரவு 9:50

டாக்டர், விளையாட்டுக்குக் கேட்கவில்லை, எங்கள் ஊரிலும் ஆடு இருக்கிறது. நாளைக்கு அது ஆட்டைத் தூக்கினால் யார் காசு தருவார்கள்? சட்டம் எல்லாம் படித்தால் ஆடு திரும்பி வருமா?

மாட்டு டாக்டர் · வியாழன், இரவு 10:10

நியாயமான கேள்விதான். வரிக் கழுதைப்புலி ஆட்டுக்குட்டி, கோழி, நாய் பிடிப்பது உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பலமாக அடைத்த பட்டிக்குள் பாய்ந்து வேட்டையாடுவது அதன் வழக்கம் இல்லை, அது சிறுத்தையின் வேலை. குட்டிகளை இரவில் கூரை போட்ட கொட்டகையில் அடையுங்கள், முள்வேலிக்கு அடியில் சந்து விடாதீர்கள். காட்டு விலங்கு கால்நடையைக் கொன்றால் வனத்துறை இழப்பீடு உண்டு. இறந்த உடலை நகர்த்துவதற்கு முன் படம் எடுத்துத் தகவல் சொன்னால்தான் அது நடக்கும். அலைச்சல் உண்டு, அதையும் மறைக்கவில்லை. எங்கள் உறவினர் ஒருவர் ஒரு ஆட்டுக்காக நாலு நடை நடந்தார், பஸ் செலவே பாதி ஆட்டு விலை.

மட்டுறுத்துநர் · வெள்ளி, காலை 8:00

நேற்று இரவு இழப்பீடு பற்றி வந்த பதினோரு பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். இங்கே கழுதைப்புலி மட்டும்.

பரிசல்துறை · திங்கள், இரவு 8:30

எல்லோருக்கும் நன்றி, முக்கியமாக டாக்டருக்கு. வெள்ளி இரவே கிளம்பிப் போய்விட்டேன்.

பசு வயதாகி, தீனி எடுக்காமல் செத்தது. ரத்தம் எதுவும் இல்லை, ஊசியும் போடவில்லை. மருந்தகத்துக்கும் போன் செய்து கேட்டோம். சித்தப்பாவிடம் சட்டம் பேசினேன், காதில் வாங்கவில்லை. பாறு பற்றிச் சொன்னேன், "நான் சின்னப் பையனா இருந்தப்ப ஒரு மாடு செத்தா முப்பது நாப்பது இறங்கும்" என்று மேலே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். அப்புறம் மருந்து டப்பாவை எடுத்து பரணில் வைத்தார்.

மாடு பட்டியிலிருந்து தள்ளி, ஓடைப் பக்கம் திறந்து கிடக்கிறது. நேற்றுக் காலை பார்த்தேன். வயிறும் பின்தொடையும் இல்லை. பாறு இரண்டு வந்து மரத்தில் உட்கார்ந்திருந்தன, இறங்கவில்லை. இன்று காலை தொடை எலும்பையே காணோம். மணலில் இழுத்துப்போன தடம் ஓடையைத் தாண்டிப் போகிறது. பக்கத்தில் கால் தடம், முன்னங்கால் தடம் பெரிது, பின்னங்கால் தடம் சின்னது. ஒரு தீப்பெட்டியை வைத்துப் படம் எடுத்திருக்கிறேன். ஏற்றப் பார்த்தால் அளவு அதிகம் என்று வருகிறது, எப்படிக் குறைப்பது?

கொள்ளேகால் ரவை · திங்கள், இரவு 8:41

வாட்ஸப்பில் உங்களுக்கே ஒருமுறை அனுப்பிக்கொள்ளுங்கள், தானாகக் குறைந்துவிடும். அதை இறக்கி இங்கே போடுங்கள்.

எலும்புக்கூடு · திங்கள், இரவு 8:44

தீப்பெட்டி வைத்தது நல்ல வேலை. அடுத்த முறை அந்த வெள்ளை உருண்டையையும் ஒன்று எடுத்து வாருங்கள். காகிதத்தில் மடித்து, மேலே தேதியும் இடமும் எழுதி.

குட்டிச்சாத்தான் · திங்கள், இரவு 8:47

பஸ்ஸில் அந்தப் பாட்டி பக்கத்தில் உட்காராமல் இருந்தால் சரி.